கடன் தருவதில் ஐந்து நட்சத்திரம், முடிப்பதில் இரண்டு

வேலூரில் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கிய பர்சனல் லோனை, தவணைக் காலம் முடியும் முன்பே கட்டி முடித்தேன். லோன் வாங்கியதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய. "ரெண்டே நாள்ல பணம் அக்கவுண்டுக்கு வந்துடுச்சு" என்று நட்சத்திரத்தை வாரிப் போடுகிறார்கள். லோனை முடிக்கப் போனால் எப்படி நடத்துகிறார்கள் என்று எழுத ஆளைக் காணோம். அதனால் இந்த விமர்சனம் பெரும்பாலும் அந்தப் பாதியைப் பற்றியது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார் வேலைக்கும் என்னால் பங்கம் வரக் கூடாது. தவிர, எனக்கு வந்த அதே வரிகளை வேறு கம்பெனித் தாள்களிலும் பார்த்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்தேன் என்றால், நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். வீடு சத்துவாச்சாரி. பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்வான்ஸ் பிடித்தம் என்று நாள் பூரா எண்களோடுதான் வேலை. ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் லோன் பேப்பரை மடித்து எடுத்து வந்து, "அக்கா, இதுல இன்னா போட்டுக்கீறாங்க, பாரேன்" என்று நீட்டுவார்கள். குழு லோன், வண்டி லோன், போன் வாங்கிய லோன் எல்லாம் வரும். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், இந்த முறை என் சொந்தக் கணக்கை வைத்து.

தங்கை கல்யாணத்துக்காக 2024 நவம்பரில் வாங்கிய லோன் இது. 5 லட்சம், 48 மாதம், 16 சதவீத நிலையான வட்டி. மாத டியூ 14,170 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. ப்ராசஸிங் ஃபீஸ் 12,500, அதற்கு ஜி.எஸ்.டி. 2,250. லோனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு என்று ஒரே தடவையாக 18,400. இவற்றைப் பிடித்துக்கொண்டு கணக்கில் போட்டது 4,66,850. கொடுத்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கினார்கள், பத்திரிகை அச்சடிக்கும் முன்பே பணம் வந்துவிட்டது. இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். கே.எஃப்.எஸ். என்கிற முக்கிய விவரத் தாளைத் தமிழிலேயே கொடுத்தார்கள், உட்கார்ந்து விளக்கவும் செய்தார்கள். பணம் தருகிற சேவைக்கு ஐந்துக்கு ஐந்து போடத் தயங்க மாட்டேன்.

அந்தத் தாளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு என்னைக் காப்பாற்றியது அதுதான். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தருகிற எல்லாப் புதிய தவணைக் கடன்களுக்கும் இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ், காப்பீடு எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பதை ஏ.பி.ஆர். என்று ஒரே எண்ணாகப் போட வேண்டும். என் தாளில் வட்டி 16, ஏ.பி.ஆர். 19.85. முன்கூட்டி முடித்தால் என்ன கட்டணம் என்பதும் அதில் இருக்கும். எல்லாவற்றிலும் பெரிய விஷயம், அந்தத் தாளில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் கடனாளியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் இடையில் வாங்கக் கூடாது. நான் அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலேயே வைத்திருந்தேன்.

ஒரு வருடம் கழித்து, கட்டி வந்த சீட்டும் காட்பாடிப் பக்கம் அப்பா விற்ற மனையில் என் பங்கும் சேர்ந்து கைக்கு வந்தது. 2025 நவம்பர் டியூவோடு 12 தவணை முடிந்திருந்தது. 24ஆம் தேதி கட்டுகிறேன், அந்தத் தேதிக்குக் கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். இங்கிருந்துதான் சேவையின் முகம் மாறியது. முதலில் லோனை எந்தக் கம்பெனிக்கு மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அப்புறம் இதே லோன் மேல் இன்னும் கொஞ்சம் கடன், அதாவது டாப்-அப், தருகிறோம் என்றார்கள். அப்புறம் மேனேஜர் லீவு. கடைசியில் முடிவுத் தாள் என்று வந்தது ஒரு ஏ4 தாள், கீழே பொடி எழுத்தில் இரண்டு பத்தி, மேலே நான்கே வரி:

அசல் பாக்கி 4,03,050
நடப்பு மாத வட்டி 5,374
முன்கூட்டி முடிக்கும் கட்டணம் 4 சதவீதம், ஜி.எஸ்.டி.யுடன் 19,024
ஸ்டேட்மென்ட் கட்டணம் 590

மொத்தம் 4,28,038 ரூபாய். அசல் பாக்கி சரி. கே.எஃப்.எஸ்.ஸோடு இணைத்திருந்த தவணை அட்டவணையில் பன்னிரண்டாவது டியூவுக்கு எதிரே அதே எண் இருந்தது. மற்ற மூன்று வரியும் தவறு.

வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 5ஆம் தேதி டியூ போய்விட்டது, 24ஆம் தேதி முழுப் பணமும் கட்டப் போகிறேன். பணம் என்னிடம் இருந்தது 19 நாள். 4,03,050க்கு 16 சதவீதத்தில் 19 நாள் வட்டி 3,357 ரூபாய்தான். அவர்கள் முழு மாதத்துக்குப் போட்டிருந்தார்கள். "தம்பி, இருபத்தி நாலாம் தேதியே பணம் உங்க கைக்கு வந்துடுது. அதுக்கப்புறம் எதுக்கு வட்டி?" என்று கேட்டேன். "சிஸ்டம்ல அப்படித்தான் மேடம் வருது" என்றார். சிஸ்டத்தில் அப்படி வருவதைத்தான் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று போட்ட சுற்றறிக்கையில் நியாயமற்ற வழக்கம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. மாத நடுவில் கடன் கொடுத்தாலும், மாத நடுவில் திருப்பிக் கட்டினாலும், கடன் நிலுவையில் இருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி வாங்காமல் முழு மாதத்துக்கும் வாங்குவது தவறு, அப்படி வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள் என்று அதிலே இருக்கிறது. பணம் கைக்கு வரும் முன்பே, கடன் அனுமதித்த தேதியிலிருந்தோ ஒப்பந்தத் தேதியிலிருந்தோ வட்டி ஓட விடுவதும் அதே பட்டியலில் உண்டு. கடனை ஆரம்பிக்கிற நாளையும் முடிக்கிற நாளையும் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அந்த 4 சதவீதம். என் கே.எஃப்.எஸ்.ஸில் 3 சதவீதம் என்று இருந்தது. "பாலிசி மாறிடுச்சு மேடம்" என்றார்கள். பாலிசி மாறினால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு மாறட்டும். நான் கையெழுத்துப் போட்டது 3க்கு. 3 சதவீதம் 12,091, ஜி.எஸ்.டி. சேர்த்து 14,268. வித்தியாசம் 4,756 ரூபாய். எங்கள் தொழிற்சாலையில் கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அந்த 4,756 அவர்கள் வீட்டில் என்னவெல்லாம் செய்யும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இதை விட மனம் வரவில்லை.

590 ரூபாய் ஸ்டேட்மென்ட் கட்டணம் கே.எஃப்.எஸ்.ஸில் எங்குமே இல்லை. ஆகவே வாங்க முடியாது. அவ்வளவுதான்.

கவுண்டரில் வாக்குவாதம் செய்து பயனில்லை, அவர்கள் கையில் அதிகாரமும் இல்லை. கே.எஃப்.எஸ்.ஸின் இரண்டாம் பகுதியில் குறைதீர் அதிகாரியின் போன் நம்பரும் மின்னஞ்சலும் கட்டாயம் இருக்கும். அதற்கு எழுதினேன். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. தாளின் எந்த வரி, கே.எஃப்.எஸ்.ஸின் எந்த வரி, வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று பத்தி, இரண்டு படம். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசியில் ஒரு வரி. (அது இலவசம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்கிற புகார் இணையதளத்தில் நாமே பதியலாம், விவரம் கேட்க 14448க்குப் போன் செய்யலாம். வக்கீல் தேவையில்லை.) அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. 24ஆம் தேதிக்கு முன்பே திருத்திய தாள் வந்தது: 4,20,675. முதல் தாளைவிட 7,363 ரூபாய் குறைவு. மன்னிப்புமில்லை, விளக்கமுமில்லை, எண்கள் மட்டும் மாறியிருந்தன. முடிக்கிற சேவைக்கு நான் போட்ட இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று இந்தக் குறைதீர் பிரிவுக்கு. இன்னொன்று, பணம் கட்டிய பிறகு, பாக்கி இல்லை என்ற தடையில்லாச் சான்றைத் தாமதிக்காமல் கொடுத்ததற்கு.

அந்த 3 சதவீதத்தை மட்டும் ஏன் சும்மா விட்டாய் என்று கேட்டார்கள். ஆசைதான், விதி இடம் கொடுக்கவில்லை. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி முடித்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012இல் வந்தது. 2014இல் தனிநபர் வாங்கும் மாறும் வட்டித் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் அது நீண்டது. அந்தத் தடையை இன்னும் விரித்து 2025 ஜூலை 2 அன்று வந்த புதிய உத்தரவு, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கிற அல்லது புதுப்பிக்கிற மாறும் வட்டிக் கடன்களுக்குப் பொருந்தும். அதில் தனிநபரும் குறு, சிறு தொழில்காரர்களும் தொழிலுக்கு வாங்குகிற கடனும் வருகிறது. சில வகை நிறுவனங்களுக்கு 50 லட்சம் வரை என்ற வரம்பு உண்டு. பணம் எங்கிருந்து வந்தது, வேறு வங்கிக்கு மாறுகிறாயா என்றெல்லாம் கேட்டுக் கட்டணம் போட முடியாது. இத்தனை மாதம் கழித்துத்தான் முடிக்கலாம் என்ற பூட்டும் கிடையாது. குடியாத்தத்தில் தறி போட்டிருக்கிறவர்கள், லாங் பஜாரில் கடை வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் என்னுடையது நிலையான வட்டி. பர்சனல் லோனும் வண்டி லோனும் பெரும்பாலும் அப்படித்தான் தருகிறார்கள். நிலையான வட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டணத்தை முன்பே சொல்லியிருந்தால் நிறுவனம் அதை வாங்கலாம். எனவே "வட்டி எவ்வளவு?" என்று கேட்கிறபோதே "ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா?" என்றும் கேளுங்கள்.

குழு லோன் வாங்கியிருக்கிற பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு 3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தருகிற நுண்கடனுக்கு, முன்கூட்டிக் கட்டினால் அபராதமே கிடையாது. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்ற கேள்வியே இங்கே இல்லை. எங்கள் கட்டிங் பிரிவில் ஒரு பெண்ணிடம் "முழுசா முடிச்சா மூணு வாரக் காசு சேர்த்துக் கட்டணும்" என்று வசூலுக்கு வருகிறவர் சொல்லியிருக்கிறார். "இன்னாக்கா, கட்ற துட்டுக்கே மறுபடியும் துட்டா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். கேட்டது சரியான கேள்வி. எழுத்தில் தரச் சொல்லு என்றேன். எழுத்தில் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

காப்பீட்டுப் பணம் தனிக் கதை. 18,400 ரூபாய் வாங்கியது 48 மாதத்துக்கு. கடன் 12 மாதத்தில் முடிந்துவிட்டது. மீதி 36 மாதத்துக்கான பணம்? முடிவுத் தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்துக் கிடையாது. கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள். "அது இன்சூரன்ஸ் கம்பெனி மேட்டர் மேடம்." லோன் போடும்போது மட்டும் அது இவர்கள் மேட்டராக இருந்தது. காப்பீட்டுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கடன் முன்கூட்டி முடிந்தால் பாதுகாப்பைத் தொடரலாம், அல்லது ஒப்படைத்துப் பணம் வாங்கலாம் என்று அதில் இருக்கும். நான் ஒப்படைத்தேன். சரண்டர் படிவம், சான்றிதழ், தடையில்லாச் சான்று, ரத்து செய்த காசோலை ஒன்று, இவ்வளவுதான் கேட்டார்கள். வந்தது 9,340 ரூபாய். மாதக் கணக்கில் நேராக வகுத்தால் 13,800 வர வேண்டும். கடன் குறையக் குறைய காப்பீட்டுத் தொகையும் குறைகிற வகை என்பதாலும், சரண்டருக்கு அவர்கள் சூத்திரம் வேறு என்பதாலும் அவ்வளவு வராது. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அந்த 9,340உம் போயிருக்கும். உடம்புக்கு ஏதாவது இருந்து, புதிதாகப் பாலிசி எடுப்பது கஷ்டம் என்றால் தொடர்வதே நல்லது. அவரவர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரும்பி வராதது ப்ராசஸிங் ஃபீஸ். ஜி.எஸ்.டி.யோடு 14,750. இதைக் கேட்டபோதுதான் கிளையில் ஒரு தம்பி, "சென்னைக்கு டிக்கெட் எடுத்துட்டு வாலாஜாவில இறங்கினா மீதிக் காசு கேப்பீங்களா மேடம்?" என்றார். இறங்கியதும் என் சீட்டில் உடனே இன்னொருவரை உட்கார வைத்து அவரிடமும் சென்னைக்கு டிக்கெட் போட்டால் கேட்பேன். நான் திருப்பிக் கட்டிய நாலு லட்சத்தை இவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டப் போவதில்லை. அடுத்த ஆளுக்குக் கொடுத்து, அவரிடமும் ப்ராசஸிங் ஃபீஸ் வாங்குவார்கள்.

நாங்கள் தைக்கிற ஷூவெல்லாம் கப்பலேறிப் போகிற ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. போலந்தில் தொடங்கிய லெக்சிடார் வழக்கு, 2019 செப்டம்பர் 11 தீர்ப்பு. நுகர்வோர் கடனை முன்கூட்டி முடித்தால், வட்டி மட்டுமில்லை, கடன் கொடுத்தவர் முன்னாலேயே வாங்கிக்கொண்ட கட்டணங்களும் மீதிக் காலத்துக்கு ஏற்பக் குறைய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. காலத்தோடு சம்பந்தப்பட்ட செலவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று விட்டால், கடன் கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் ஆரம்பக் கட்டணம் என்று பெயர் மாற்றி முன்னால் தள்ளிவிடுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. படித்தபோது எங்கள் வேலூர்க் கணக்கைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. வீட்டு அடமானக் கடனுக்கு 2023இல் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறுக்கிவிட்டது, காலத்தோடு சம்பந்தமில்லாத செலவைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று. ஆனால் சாதாரண நுகர்வோர் கடனில் முந்தைய தீர்ப்பு நிற்கிறது. முன்கூட்டி முடிப்பதற்குக் கடன் கொடுத்தவர் கேட்கிற ஈடும் அங்கே திருப்பிக் கட்டும் தொகையில் 1 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. மீதிக் காலம் ஒரு வருடத்துக்குள் என்றால் அரை சதவீதம்.

இங்கே அப்படி ஒரு விதி இல்லை. வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன், கணக்கு வைத்துத்தான் நினைக்கிறேன். என் லோனை எக்ஸெலில் போட்டு, கையில் வந்த தொகை, கட்டிய 12 டியூ, கடைசியில் 3 சதவீதக் கட்டணத்தோடு முடித்த தொகை மூன்றையும் வைத்துப் பார்த்தேன். 16 சதவீத லோன் எனக்கு வருடத்துக்குச் சுமார் 27 சதவீதமாக விழுந்திருக்கிறது. காப்பீட்டுப் பணம் வந்த பிறகு சுமார் 25. 48 மாதத்துக்குப் பரவ வேண்டிய ஆரம்பச் செலவு 12 மாதத்துக்குள் அடைந்துவிட்டதுதான் காரணம். சீக்கிரம் முடிக்கிற ஒழுங்கான கடனாளிக்குத்தான் கடன் அதிக விலையாகிறது. ஐரோப்பாவில் போல மீதி 36 மாதப் பங்கு கிடைத்திருந்தால் ப்ராசஸிங் ஃபீஸிலிருந்து மட்டும் 11,000 ரூபாய்க்கு மேல் திரும்பியிருக்கும்.

அப்படியானால் முன்கூட்டி முடித்தது நஷ்டமா? இல்லை. மீதி 36 டியூ கட்டியிருந்தால் 5,10,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். 4,20,675இல் முடித்தேன். முடிக்க வசதி இருக்கிறவர்கள் முடிப்பதே நல்லது, கட்டணத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு முடியுங்கள். கடைசி சில டியூதான் பாக்கி என்றால் மிச்சமாகும் வட்டியைவிடக் கட்டணம் கூடிவிடும், அப்போது பேசாமல் டியூவையே கட்டி முடிக்கலாம்.

கட்டிய பிறகு செய்ய வேண்டியதும் இருக்கிறது. என் வங்கிக்குப் போய் டியூ பிடிக்கிற நாச் அனுமதியை ரத்து செய்தேன். கொடுத்து வைத்திருந்த காசோலைகளைத் திருப்பி வாங்கினேன். வண்டி லோன் முடித்தவர்கள் 35ஆம் எண் படிவமும் தடையில்லாச் சான்றும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட வேண்டும். பத்திரம் அடமானம் வைத்திருந்தவர்களுக்கு, முழுக் கடனும் முடிந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் கைக்கு வர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது.

நம் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை முழுதாக இலவசமாக எடுக்கலாம். நான் எடுத்துப் பார்த்தபோது கடன் "முடிந்தது" என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருந்தது. அதில் தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. "செட்டில்டு" என்று போட்டிருந்தால் விடாதீர்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர்களுக்குப் போடுவது அது. முழுசாகக் கட்டியவர்களுக்கு "குளோஸ்டு" என்றுதான் வர வேண்டும்.

இந்த நிறுவனத்தில் மறுபடி வாங்குவேனா என்றால், அவசரத்துக்கு வாங்குவேன். காப்பீடு வேண்டாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, முடிக்கும் கட்டணத்தை 3க்கும் கீழே இறக்கப் பேசிவிட்டு வாங்குவேன். கட்டிங் பிரிவுப் பெண் தன் குழு லோனை அபராதமில்லாமல் முடித்துவிட்டாள். இப்போது அவள் தம்பியின் பைக் லோன் தாளைக் கொண்டு வந்திருக்கிறாள். நிலையான வட்டி, முடிக்கும் கட்டணம் 5 சதவீதம், காப்பீடு இரண்டு. முடிவுத் தாள் கேட்டு எழுதியிருக்கிறோம்.